புல் அறுப்பது பிடிக்குமா?

பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன வேலை பொருந்தும் என்று கண்டுபிடித்துச் சொல்லும் ஒரு தேர்வை ஊர் ஊராகக் கொண்டுபோவதுதான் மூன்று வருடங்களாக என் வேலை. தேர்வு என்று சொல்லக் கூடாது, 'ஆர்வ மதிப்பீடு' என்றுதான் சொல்ல வேண்டும் என்பது சென்னைத் தலைமை அலுவலகத்தின் உத்தரவு. தேர்வு என்றால் பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம். நானும் ஆர்வ மதிப்பீடு என்றே சொல்வேன். சொல்லி முடிப்பதற்குள் முதல் பெஞ்சிலிருந்து ஒரு கை உயரும். இதற்கு எத்தனை மார்க் என்று கேட்கும். மார்க் கிடையாது, சரி தப்பு எதுவும் கிடையாது, மனதில் பட்டதைத் தொட்டால் போதும் என்பேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நான் எதையோ மறைக்கிறேன் என்பது அவர்களுக்கு உறுதியாகிவிடும்.

எனக்குச் சொந்த ஊர் குரும்பலூர். கல்யாணத்துக்குப் பிறகு பெரம்பலூர் டவுனில் குடியிருக்கிறேன். எம்.ஏ. உளவியல் படித்துவிட்டு, கல்விப் பணி செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் நான் ஒருத்திதான். ஒரு ஸ்கூட்டர், ஒரு பை நிறைய டேப்லெட்டுகள், அவற்றில் பாதிக்கு எப்போதும் சார்ஜ் இருக்காது.

மதிப்பீடு வெளிநாட்டில் தயாரானது. அங்குள்ள பிள்ளைகளுக்காக யாரோ யோசித்து உருவாக்கியது. அதன் உரிமையை வாங்கி, சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்திடம் கொடுத்துத் தமிழாக்கியிருந்தார்கள். அறுபது செயல்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஐந்து முகங்கள். பல் தெரியச் சிரிக்கும் முகம் 'மிகவும் பிடிக்கும்', உதடு பிதுங்கிய முகம் 'கொஞ்சமும் பிடிக்காது'. அதற்குப் பிறகு தொழில்களின் பட்டியல் ஒன்று, அதற்கும் அதே முகங்கள். எல்லாவற்றையும் தொட்டு முடித்தால், 'உங்கள் இயல்புக்குப் பொருத்தமான துறைகள்' என்று ஒரு பக்க அறிக்கை வரும்.

முதன்முதலில் கொண்டுபோனது வேப்பந்தட்டைப் பக்கத்து உயர்நிலைப்பள்ளி ஒன்றுக்கு. அன்று மாலையே எனக்குத் தலைவலி வந்துவிட்டது. 'நடிப்பது' என்று ஒரு கேள்வி. கலை ஆர்வத்தை அளப்பதற்கு. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்து நடிக்கிறாய் என்று சொன்னால் பொய் வயிற்றுவலி சொல்லி லீவு போடுகிறாய் என்று அர்த்தம். ஒருவரும் சிரிக்கிற முகத்தைத் தொடவில்லை. 'பிறரைப் பேசிச் சம்மதிக்க வைப்பது' என்று இன்னொன்று. வியாபாரத் திறமைக்கு. அதை வாய்விட்டுப் படித்த ஒரு பெண், "ஆள ஏமாத்துறதா மிஸ்?" என்று கேட்டாள். நான் இல்லை என்று விளக்குவதற்குள் வகுப்பு முழுக்க உதடு பிதுங்கிய முகத்தைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே புல். மூலத்தில் அது புல்வெளியைச் சீர்செய்யும் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பது. இயந்திர வேலையில் ஆர்வம் உண்டா என்று அறிவதற்கான கேள்வி. நம் ஊரில் அந்த இயந்திரம் கிடையாது என்று யாரோ சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். உடனே அதை உள்ளூர்மயமாக்கிவிட்டார்கள். எப்படி? 'புல் அறுப்பது' என்று. ஆனால் மதிப்பெண் மட்டும் இன்னும் இயந்திரக் கணக்கிலேயே ஏறிக்கொண்டிருந்தது. ஆட்டுக்குப் புல் அறுக்கும் பிள்ளைகளெல்லாம் மெக்கானிக்குகளாக வெளியே வந்தார்கள்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். திட்ட மேலாளர் என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், தன்மையான மனிதர், ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "நல்ல அப்சர்வேஷன் மேடம், நோட் பண்ணிக்கிட்டேன்" என்பார். அவர் நோட் பண்ணிக்கொண்டவற்றை அச்சடித்தால் ஒரு புத்தகம் வந்திருக்கும்.

லப்பைக்குடிக்காட்டில் ஒரு பள்ளிக்குப் போனபோது நிலைமை இன்னும் மோசம். தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பங்களின் பிள்ளைகள். பேசிச் சம்மதிக்க வைப்பதில் என்னைப் போல நாலு பேரை மடக்கிவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 'வணிக ஆர்வம்: மிகக் குறைவு' என்று அறிக்கை வந்தது. அப்போது கடைசியில் விரும்பும் தொழிலை எழுத ஒரு கட்டம் இருந்தது, அதில் ஒரு பையன் 'சவுதி' என்று எழுதியிருந்தான். அது தொழில் இல்லையே தம்பி என்றேன். "அத்தா அங்கதான் கடையில இருக்காங்க. நானும் போவணும், இன்ஷா அல்லாஹ்" என்றான். அவனைப் பொறுத்தவரை கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டான். தலைமை அலுவலகம் அதை 'தரவுப் பிழை' என்று குறித்து அவனுடைய மதிப்பீட்டையும், பிறகு அந்தக் கட்டத்தையுமே நீக்கிவிட்டது.

இரண்டாம் வருடம் விக்கிரமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு மதிப்பீடு நடத்தினேன். அறிக்கைகளை மூடிய உறையில் போட்டு, பெற்றோரிடம் மட்டும் கொடுக்கச் சொல்லி, வகுப்பு ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைகள் ஆசையாகக் கேட்டார்கள் என்று உறைகளைப் பிரித்து, ஒவ்வொருவரின் அறிக்கையிலும் முதல் வரியை வகுப்பில் படித்துவிட்டார்.

பத்து நாள் கழித்து வேறு வேலையாக அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். ஒரு அம்மாள் தன் மகளோடு வராந்தாவில் காத்திருந்தார். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும். கழுத்தில் இஞ்சு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. கையில் என் அறிக்கை, நாலாக மடித்தது.

"மேடம், நான் படிச்சுட்டேன். நீங்க ஒரு தரம் சத்தமா படிங்க" என்று நீட்டினார்.

படித்தேன். உங்கள் இயல்புக்குப் பொருத்தமான துறைகள்: விவசாயப் பணிகள், கால்நடை பராமரிப்பு, வெளிப்புற உடலுழைப்பு. அதற்குக் கீழே இயந்திரப் பராமரிப்பு என்று இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மாள் கத்தவில்லை. அவருடைய மாமியார் காலம் வரைக்கும் குடும்பமே அடுத்தவர் கொல்லைக்காட்டில் களையெடுத்தது என்றார். சொந்தமாக ஒரு சாண் நிலம் இருந்ததில்லை. கல்யாணமாகி வந்த பிறகு அவர் தையல் கற்றுக்கொண்டார், கணவர் லைசென்ஸ் எடுத்துச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டப் போனார். வீட்டில் கொல்லை வேலைக்குப் போகாத முதல் ஆட்கள் அவர்கள் இருவரும்தான். இப்போது வகுப்பில் ஒரு பையன், "கவர்மெண்டே ஒன்ன ஆடு மேய்க்கச் சொல்லிருச்சு" என்று மகளைக் கேலி செய்கிறானாம். மகள் மூன்று நாளாகப் பள்ளிக்கு வர மாட்டேன் என்று அடம்பிடித்தாளாம்.

இது அரசாங்கம் கொடுத்தது இல்லை என்றேன். அந்த நேரத்தில் சொல்ல வேண்டியது அதுதானா என்று இப்போதும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அவர் 'இயல்பு' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். "இந்த வார்த்த எதுக்கு மேடம்? ஒங்களுக்கு இதுதான் வரும், இதச் செய்யத்தான் பொறந்தீங்கன்னு எங்க மாமியாகிட்டயும் இதத்தான சொன்னாங்க. அவங்க வாயால சொன்னாங்க. நீங்க கம்ப்யூட்டர்ல அடிச்சு குடுத்துருக்கீங்க."

விவசாயம் நல்ல தொழில், கால்நடைத் துறையில் டாக்டர்கூட ஆகலாம் என்றெல்லாம் சொல்ல எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பயிற்சியைக் கொடுத்தவர்களை அந்த வராந்தாவில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் போலிருந்தது.

மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து டேப்லெட்டில் அவளுடைய பதில்களைத் திறந்தேன். புல் அறுப்பது: மிகவும் பிடிக்கும். மாட்டுக்கொட்டகையைச் சுத்தம் செய்வது: மிகவும் பிடிக்கும். வெயிலில் நின்று வேலை செய்வது: மிகவும் பிடிக்கும். உண்மையிலேயே பிடிக்குமா என்று கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"ஆட்டுக்கு நான்தான அறுக்கிறேன் மிஸ். வூட்டுல ரெண்டு ஆடு இருக்கு. புடிக்காதுன்னு போட்டா, வேல செய்யாத சோம்பேறின்னு நெனச்சுக்க மாட்டாங்களா?"

"யாரு நெனச்சுக்குவா?"

"இதப் படிக்கிறவங்க."

இதைப் படிக்க யாரும் இல்லை, கணினியே கூட்டிப்போட்டு முடித்துவிடுகிறது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்றரை வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த கோளாறு அந்த ஒரு பதிலில் இருந்தது. ஒரு வேலை பிடிக்குமா என்று எங்கள் பக்கத்துப் பிள்ளையிடம், அதுவும் பெண் பிள்ளையிடம் கேட்டால், நீ அதைச் செய்வாயா, முகம் சுளிக்காமல் செய்வாயா என்று கேட்பதாகத்தான் காதில் விழும். சின்ன வயதில் என்னிடமும் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். பாத்திரம் தேய்க்கப் பிடிக்கவில்லை என்று எந்த வீட்டில் சொல்ல முடியும்? அந்தப் பிள்ளைகள் ஆசையைச் சொல்லவில்லை. நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் அதே மாதிரி வீட்டில் வளர்ந்தவள்தான். இது எனக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

வேறு எதையும் யோசிக்காமல், உனக்கு என்னவாக ஆசை என்று நேராகக் கேட்டேன். அவள் சட்டென்று சொன்னாள், சர்வேயர் என்று. இரண்டு வருடத்துக்கு முன் அவர்களுடைய வீட்டு மனைக்குப் பட்டா கிடைத்தபோது அளக்க ஒரு பெண் சர்வேயர் வந்திருக்கிறார். பக்கத்து மனைக்காரர் இரண்டடி உள்ளே வந்து வேலி போட்டு, கேட்டால் சத்தம் போடுவாராம். அந்தப் பெண் மூன்று கால் ஸ்டாண்டை நிறுத்தி, டேப்பின் ஒரு முனையை இவள் கையில் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொல்லி, அளந்து, இதுதான் எல்லை என்று கல் ஊன்றிவிட்டுப் போனாராம். "அந்த ஆளு ஒரு வார்த்த பேசல மிஸ்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என் டேப்லெட்டில் இருந்த ஐந்து முகங்களில் அது இல்லை.

தொழில்களின் பட்டியலில் சர்வேயர் இருக்க வேண்டுமே, அதற்கு என்ன போட்டாள் என்று தேடினேன். நில அளவையர் என்று எங்கும் இல்லை. மூலத்தைத் திறந்து வரிசை எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மொழிபெயர்த்தவர் அதைக் 'கணக்கெடுப்பாளர்' என்று ஆக்கியிருக்கிறார். வீடு வீடாக வந்து எத்தனை பேர் என்று கேட்டு எழுதும் வேலை என்று நினைத்து இவள் 'கொஞ்சமும் பிடிக்காது' என்று போட்டிருந்தாள். வாழ்க்கையில் ஆசைப்பட்ட ஒரே வேலையை அவள் கையாலேயே அடித்துவிட வைத்திருக்கிறோம்.

அறிக்கையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். இது தப்பாக வந்த தாள், இதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்படிச் செய்ய எனக்கு அதிகாரம் கிடையாது. பத்து முடித்து டிப்ளமோ சிவில் சேர்ந்தால் சர்வேயர் வேலைக்கு வழி இருக்கிறது என்றும் விளக்கினேன். அந்த அம்மாள் தாளை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். நன்றி எதுவும் சொல்லவில்லை. அந்தப் பையன் கேலி செய்வதை நிறுத்தச் சொல்லி வாத்தியாரிடம் பேசிவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னார். பேசினேன். அந்த ஆசிரியர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

அடுத்த வாரம், ஏற்கெனவே மதிப்பீடு முடிந்திருந்த வேறொரு பள்ளியில் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். டேப்லெட்டை மூடி வைத்துவிட்டு, அறுபது செயல்களையும் வாயால் சொல்லி, "யாரும் செய்யச் சொல்லல. செய்யலன்னாலும் யாரும் திட்டப் போறதில்ல. அப்பவும் நீயா எடுத்துச் செய்வியா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். வகுப்பே சிரித்துவிட்டது. புல் அறுக்க ஒரு கை தூக்கவில்லை. நடிப்பது என்பதை, ஆண்டு விழாவில் மேடையேறி நாடகம் போடுவது என்று மாற்றிச் சொன்னேன். பாதி வகுப்பு கை தூக்கியது. முந்தைய மாதம் அறுபதுக்கும் 'மிகவும் பிடிக்கும்' போட்டிருந்த ஒரு பையனுக்கு இந்த முறை நாலே நாலுதான் தேறியது. அந்த நாலும் ஒன்றோடொன்று பொருந்தின, எல்லாம் ரேடியோ, ஸ்பீக்கர், வயரிங் சம்பந்தப்பட்டவை.

மகிழ்ச்சியோடு எழுதி அனுப்பினேன். பதிலுக்கு வீடியோ கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. பெரம்பலூர் ஆபீஸ் அறையில் மின்விசிறி கடகடவென்று ஓட, நான் ஒருத்தி. அந்தப் பக்கம் மேலாளர், இன்னும் இரண்டு பேர், அளவீட்டு நிபுணர் என்று ஒரு பேராசிரியர். அனுமதியில்லாமல் கேள்வியை மாற்றியது விதிமீறல் என்று தொடங்கினார்கள். பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம், இன்னும் நிறையப் பிள்ளைகளிடம் எடுத்தால் சரியாகிவிடும் என்றார் பேராசிரியர். தப்பான கேள்வியை இன்னும் ஆயிரம் பேரிடம் கேட்டால் தப்பான பதில் ஆயிரம் கிடைக்கும் சார் என்றேன். மின்விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றார்கள். மறுபடி சொன்னேன். கோபத்தில் சொன்னதை நிதானமாகத் திரும்பச் சொல்வது போல அலுப்பான வேலை வேறில்லை.

விக்கிரமங்கலத்து அம்மாள் சொன்னதையும் சொன்னேன். மேலாளர், "மேடம், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா ஸ்கேலைத் தொட நமக்கு உரிமை இல்ல. வெளிநாட்டுல ஒத்துக்க மாட்டாங்க" என்றார். வார்த்தைகளில் சிலதை மட்டும் மாற்றலாம் என்று முடிவானது.

எட்டு மாதம் கழித்து புதிய பதிப்பு வந்தது. இயல்பு போய், ஆர்வம் வந்திருந்தது. புல் அறுப்பது போய், தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பது வந்திருந்தது. கணக்கெடுப்பாளர் நில அளவையர் ஆகியிருந்தார். மூன்று மாற்றங்கள். ஐந்து முகங்களும் அப்படியே சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தன.

அந்தப் பெண் பத்தாம் வகுப்பில் நன்றாகவே தேறி, அரியலூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் சேர்ந்தாள். அவளுடைய அம்மா ஃபோன் செய்து சொன்னார். சந்தோஷத்தில் நான் அதை மேலாளரிடம் சொல்லித் தொலைத்தேன். செய்த தப்பு அதுதான்.

அடுத்த மாதம் நன்கொடையாளர்களுக்கான கூட்டத்தில் போட ஒரு படத்தொகுப்பு தயாரித்து, பார்வைக்கு எனக்கும் அனுப்பினார்கள். அதில் ஒரு பக்கம் முழுக்க இவள். வெளிப்புற வேலையில் அவளுக்கு ஆர்வம் அதிகம் என்று மதிப்பீடு அன்றே கண்டறிந்தது, நில அளவை வெளிப்புற வேலைதான், எனவே மதிப்பீடு தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் துல்லியமாக வேலை செய்கிறது என்று எழுதியிருந்தார்கள். கீழே அவள் பின்பக்கமாக நிற்கும் படம், நான் ஏதோ அறிக்கைக்காக எடுத்துக் கொடுத்தது.

இரண்டு முறை படித்தேன். ஃபோனை எடுத்தேன். அந்தக் கருவியை நம்பியிருந்தால் அவள் இப்போது எங்கே இருப்பாள் என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் வழக்கம்போலப் பொறுமையாகக் கேட்டார். ஆனால் மேடம், முடிவில் பொருந்துகிறதே என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். அதற்கு மேல் ஒரு மனிதரிடம் என்ன பேசுவது? படத்தையும் ஊர்ப் பெயரையும் எடுக்காவிட்டால் அவளுடைய அம்மாவையே கூட்டத்துக்கு அழைத்து வருவேன் என்றேன். எடுத்துவிட்டார்கள். எழுத்து மட்டும் இருந்தது, 'ஒரு மாணவி' என்று.

வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். வீட்டிலும் சொன்னேன். நான் போனால் அந்த டேப்லெட்டுகளைத் தூக்கிக்கொண்டு வேறு ஒருவர் வருவார், அவர் இந்த நாலு கேள்வியைக்கூடக் கேட்காமல் போவார் என்று என் கணவர் சொன்னார். அது என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னதா, சம்பளம் நிற்கக் கூடாது என்று சொன்னதா, தெரியவில்லை. இன்னும் விடவில்லை. இப்போதெல்லாம் டேப்லெட்டைக் கொடுப்பதற்கு முன் கால் மணி நேரம் பேசுகிறேன், யாரும் திட்ட மாட்டார்கள் என்று. அது விதிமுறையில் இல்லை. அறிக்கையைப் பெற்றோர் கையில் நானே கொடுக்கிறேன். அதனால் ஒரு பள்ளிக்கு இரண்டு நடை கூடுதலாகிறது, பெட்ரோல் கேட்டால் ஏன் என்று கேட்கிறார்கள்.

போன மாதம் அந்த அம்மாள் மறுபடி ஃபோன் செய்தார். மகளுக்கு முதல் பருவத்தில் கணக்கில் அரியர் விழுந்துவிட்டது, டிராயிங்கில் மட்டும் நல்ல மார்க் என்றார். பஸ் கூட்டத்தில் வரைந்த தாளெல்லாம் கசங்கிப்போகிறதாம். தாளைச் சுருட்டி வைக்க ஒரு குழாய் விற்கிறார்களாமே, பெரம்பலூரில் கிடைக்குமா என்று கேட்டார். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இரண்டு கடைகளில் இல்லை. மூன்றாவது கடைக்காரர், எதுக்கும்மா, கல்யாணப் பத்திரிகை வைக்கவா என்றார். இல்லை, சர்வேயருக்கு என்றேன். பரணில் ஏறித் தேடி, தூசி தட்டிக் கறுப்பு நிறத்தில் ஒன்று கொடுத்தார். அரியலூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினேன்.